இரு நாடுகள் விரித்த ஒரு குடை

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் அமெரிக்காவைப் பற்றிய இரு செய்திகள் நமக்கு ஒருங்கே கிடைத்தன. அன்று மாலை 5 மணி 40 நிமிடத்திற்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'நிசார்' என்னும் செயற்கைக்கோள் விண்ணேறிற்று. அமெரிக்கரும் நம்மவரும் கூடிச் செய்த செயற்கைக்கோள் அது. ஏறத்தாழ அதே பொழுதில், இந்தியப் பொருள்களின்மீது 25 விழுக்காடு இறக்குமதித் தீர்வை விதிக்கப்படும் என அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் அத்தீர்வை 50 விழுக்காடாக உயர்ந்தது. பின்னர் அதில் மாறுதல்கள் நேர்ந்தன. கரூரிலிருந்து செல்லும் படுக்கை விரிப்புகளுக்கும் மேசைத் துணிகளுக்கும் அந்நாடு பெருஞ்சந்தை. ஆதலின் இரண்டாவது செய்தியின் பொருளை நம் நெசவாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முதற் செய்தியைப் பற்றியே சில சொல்ல விழைகிறோம்.

சந்தையில் பூசலிட்டுக்கொள்ளும் இருவர் விண்ணில் மட்டும் கூடித் தொழில் செய்தல் எவ்வாறு இயலும்? அறிவியலார் அரசியலுக்கு அப்பாற்பட்டவர்கள், அதனால் இயல்கிறது என்று சிலர் விடை கூறுவர். இவ்விடை கேட்பதற்கு இனிது, நாம் ஏற்பதற்கில்லை. அறிவியலாரும் தத்தம் அரசாங்கத்திடம் சம்பளம் பெறுபவர்களே. அரசாங்கம் கை விரித்தால் ஆய்வுக்கூடத்தின் கதவு அன்றே சாத்தப்படும். விடையை வேறிடத்தில் தேடுதல் வேண்டும். தணிக்கைக்காக நாம் சென்ற ஊர்களில் இரு வகைச் சங்கங்களைக் கண்டிருக்கிறோம். ஒன்றில் அங்கத்தினர் யாவரும் மாமன் மைத்துனர், பேச்செல்லாம் தேன், இருப்புப் புத்தகத்தைத் திறந்தால் மூன்று திங்களாக வரவு எழுதப்படவில்லை. மற்றொன்றில் நிர்வாகக் குழுவினர் இருவர் ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் போவதில்லை. ஆயினும் நூல் வந்த நாளும் துணி சென்ற நாளும் கூலி பட்டுவாடா ஆன நாளும் வரிசையாக நிற்கின்றன. நட்பு வேண்டாம் என்பதன்று நம் கருத்து. நட்பின்மேல் மட்டும் கட்டப்பட்ட சங்கத்திற்கு நாம் நற்சான்று எழுதுவதில்லை.

நிசாரின் அமைப்பை அந்தக் கண்கொண்டு நோக்குவோம். 2014ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள் கனடாவின் டொராண்டோ நகரில் நாசாவின் தலைவர் சார்லசு போல்டனும் இஸ்ரோவின் தலைவர் கே. இராதாகிருஷ்ணனும் இதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். ஒருவர் மற்றவர்க்குப் பணம் தருவதில்லை. அவரவர் பங்கை அவரவரே செய்து கொணர்ந்து சேர்த்தல் வேண்டும். அமெரிக்கர் பங்கு: 'எல்' அலை ரேடார், பெரிய வாங்கிக்குடை, அதனைத் தாங்கும் நீண்ட கை, படங்களைச் சேமித்து விரைந்து அனுப்பும் கருவிகள். நம் பங்கு: 'எஸ்' அலை ரேடார், எல்லாவற்றையும் சுமக்கும் உடற்கலம், விண்ணேற்றும் ராக்கெட்டு, ஏவுதளம். பங்குத்தொகையைப் பொருளாகச் செலுத்தும் முறை இது. ஒருவன் பாவு கொண்டு வர, மற்றவன் ஊடை கொண்டு வருவது போன்றது. இரண்டில் ஒன்று வாராவிடில் தறி ஓடாது.

கருவி செய்யும் வேலையையும் சுருக்கமாகக் கூறுதல் தகும். சாதாரணச் செயற்கைக்கோள் நம் கண்ணைப் போன்றது. வெளிச்சம் வேண்டும், மேகம் குறுக்கிடலாகாது. ரேடார் தானே அலையை அனுப்பித் தானே எதிரொலியை வாங்கிக்கொள்கிறது. ஆகவே நள்ளிரவிலும் காணும், கருமேகத்தினூடும் காணும். எல் அலையின் நீளம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர்; அது இலைத் தழையைக் கடந்து மண்ணைத் தொட்டு மீளும். எஸ் அலை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். அது மெல்லிய பயிரையும் சிறு செடியையும் நுணுகி அறியும். ஒன்று அறியாததை மற்றது அறியும். இரண்டையும் ஒருங்கே சுமந்து சென்ற செயற்கைக்கோள் இதற்குமுன் இல்லை. 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவந்து 12 நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய உலகின் நிலப்பரப்பு முழுவதையும் இது அளக்கிறது. போகும் வழியிலும் மீளும் வழியிலும் பார்ப்பதால் ஓர் ஊரின்மேல் சராசரியாக 6 நாளுக்கு ஒரு பார்வை விழும்.

இரு ரேடார்களுக்கும் குடை ஒன்றே என்பதை நம் அங்கத்தினர் கருதிப் பார்த்தல் வேண்டும். 12 மீட்டர் அகலமுள்ள குடை அது. பொன்முலாம் பூசிய நுண்ணிய கம்பிவலையால் ஆனது. விண்ணேறும்பொழுது மடங்கிக் கிடந்து, ஆகஸ்டு 15ஆம் நாள் விரிந்தது. (நம் விடுதலை நாள் அது, தற்செயலே என்க.) தனித்தனிக் குடை செய்திருந்தால் எடையும் செலவும் இரட்டித்திருக்கும். பத்து நெசவாளர்கள் பத்துச் சாயத்தொட்டி கட்டாமல் சங்கத்தின் பொதுச் சாயச்சாலையைப் பயன்படுத்துவதும் இக்கணக்கால்தான். ஆனால் பொதுச் சாயச்சாலையில் ஒருவர் சாயம் மற்றவர் நூலில் ஏறாமல் காத்தல் வேண்டும் அன்றோ? இரு ரேடார்களும் ஒரே குடையின்கீழ் ஒன்றையொன்று கெடுக்காமல் இயங்குமாறு பார்த்துக்கொள்ளுதல் இதில் பெரும்பாடு. நம் எஸ் ரேடார் அகமதாபாத்தில் உருவாகி, 2021இல் கலிபோர்னியாவுக்குச் சென்று, எல் ரேடாருடன் இணைக்கப்பட்டு, 2023 மார்ச்சில் இரண்டும் சேர்ந்து பெங்களூருக்கு வந்தன. இரண்டாண்டுக்காலம் நம் பொருள் அவர்கள் கூடத்தில் இருந்தது. பின்னர் அவர்கள் பொருள் நம் கூடத்தில் இருந்தது. ஒருவர் கிடங்கில் மற்றவர் சரக்கை நம்பி வைப்பது எளிய காரியமன்று என்பதைக் கிடங்குப் பொறுப்பாளர்களைக் கேட்டால் கூறுவார்கள்.

இடையில் ஓர் இடர் வந்தது. மடித்த நிலையில் குடை எதிர்பார்த்ததைவிட மிகுதியாகச் சூடேறக்கூடும் என 2024இல் தெரிந்தது. மேற்பூச்சு இடுவதற்காக அதனைப் பெங்களூரிலிருந்து மறுபடியும் கலிபோர்னியாவுக்கு அனுப்ப நேர்ந்தது, அக்டோபரில்தான் திரும்பிற்று. அவ்வாண்டில் பறக்க வேண்டிய செயற்கைக்கோள் ஓராண்டுக்கு மேல் தாமதித்தது. குடை அமெரிக்கர் பங்கு, காத்திருந்தவர்கள் நம்மவர்கள். குடையைக் கைவிட்டு நாம் மட்டும் பறக்க இயலாது. நம் கலமும் ராக்கெட்டும் இன்றி அவர்கள் மட்டும் பறக்க இயலாது. ஒருவரையொருவர் விட்டுப் போக இயலாத வகையில் வேலை பிரிக்கப்பட்டிருந்தமையால் பொறுமை தானே வந்தது. இதனைத்தான் நாம் இந்த உடன்படிக்கையின் உயிர்நிலை என்று கருதுகிறோம்.

இந்த இடத்திற்கு நாம் எவ்வாறு வந்தோம் என்பதும் நினைவிற்குரியது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டு சென்றபொழுது, ராக்கெட்டு அமெரிக்காவினது. அதில் வைத்த ஆய்வுப் பொருள் பிரான்சினது. நம் பங்கு பெரும்பாலும் நிலமே. புவியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால் அந்நிலத்திற்கு மதிப்பு இருந்தது. சிறு பங்குதான், ஆனால் பிறரிடம் இல்லாத பங்கு.

முப்பதாண்டுக்குள் காட்சி மாறிற்று. கனமான செயற்கைக்கோளை உயரே ஏற்றுவதற்குக் கிரையோஜெனிக் எந்திரம் வேண்டும். சுழிக்குக் கீழ் 253 பாகை குளிர்ந்த நீர்ம ஐட்ரசனையும் 183 பாகை குளிர்ந்த நீர்ம ஆக்சிசனையும் எரித்து இயங்குவது அது. அந்நுட்பத்தை வாங்குவதற்குச் சோவியத்து நாட்டு நிறுவனமாகிய கிளாவ்காஸ்மாசுடன் 1991இல் இஸ்ரோ ஒப்பந்தம் செய்தது. ஏவுகணைக்குப் பயன்படும் என்று காரணங்காட்டி 1992 மே திங்களில் அமெரிக்கா இரு நிறுவனங்களின்மீதும் ஈராண்டுத் தடை விதித்தது. 1993இல் ரஷ்யா நுட்பத்தைத் தருவதிலிருந்து பின்வாங்கி, செய்து முடித்த எந்திரங்களை மட்டும் தந்தது. அதன்பின் நம்மவர்கள் தாமே முனைந்தனர். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் எந்திரம் எரித்துச் சோதிக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் பறந்தது தோற்றது. 2014ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் வென்றது. டொராண்டோவில் கையெழுத்தானது அதே ஆண்டு செப்டம்பரில். இரண்டுக்கும் நேரான தொடர்பு உண்டென்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும் நிசாரை ஏற்றிச் சென்ற ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேலடுக்கில் எரிந்தது அந்த வகை எந்திரமே. நமக்குக் கிடைக்கலாகாது என்று தடுக்கப்பட்ட எந்திரம், தடுத்தவர்களின் விலையுயர்ந்த கருவியைச் சுமந்து சென்றது. அவர்களும் நம்பி ஏற்றினார்கள். வெறுங்கையுடன் சென்று சங்கத்தின் வாயிலில் நிற்பவனுக்கு இரக்கம் கிடைக்கலாம். நிர்வாகக் குழுவில் இடம் கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அமெரிக்கா இதில் நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. நம் செலவு அதில் ஒரு சிறு பகுதியே. பெரும்பங்குக்காரன் சொல்லே இறுதியில் செல்லும், சமம் என்பது ஏட்டளவில்தான் என்பர். இம்மறுப்பை நாம் தள்ளிவிடவில்லை. எனினும் பங்கு எத்தனை இருப்பினும் வாக்கு ஒன்றே என்பது நம் இயக்கத்தின் பழைய நெறி. பொருளில் மிகுந்தவன் முடிவில் மிகாதிருப்பதற்கு அதனினும் நல்ல காப்பு இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. நிசாரில் வாக்குச்சீட்டு இல்லை. ஆனால் விளைச்சலைப் பங்கிடுவதில் அந்நெறியின் சாயல் இருக்கிறது. எடுக்கப்படும் படங்களும் அளவுகளும் உலகில் எவர்க்கும் விலையின்றித் திறந்து வைக்கப்படும் என்பது ஏற்பாடு. பங்கு செலுத்தாத நாட்டின் உழவனும் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு தாராளத்தை நம் சங்கங்களிற்கூட நாம் கண்டதில்லை!

நம் குறை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. களஞ்சியம் திறந்திருக்கிறது, களஞ்சியம் இருக்கும் ஊர் நம் அங்கத்தினர்க்குத் தெரியாது. கணிப்பொறியில் இறக்கிக்கொண்டு, தக்க பயிற்சி உடையவர் பலநாள் திருத்திய பின்னரே அப்படம் ஒரு செய்தியாகும். அதுவும் ஆங்கிலத்தில். விண்ணில் 747 கிலோமீட்டர் கடந்துவந்த செய்தி, மாவட்டத் தலைநகரிலிருந்து ஊர்ச் சங்கத்துக்கு வரும் வழியில் நின்றுவிடுமானால், இரு நாடுகள் கூடியதில் நமக்கு வந்த ஊதியம் யாது?

காவிரிக் கழிமுகத்துச் சம்பாப் பயிரை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், வயல் ஏரியாகும். எத்தனை வயல் எத்தனை நாள் மூழ்கிற்று என்பதே இழப்பீட்டின் அடிப்படை. கணக்கெடுக்க வருபவர் வருவதற்குள் நீர் வடிந்துவிடும். அழுகிய பயிர் மட்டும் சாட்சி சொல்லும், அதுவும் தெளிவாகச் சொல்லாது. அந்நாள்களில் மேகம் விலகாது. ஆகவே சாதாரணச் செயற்கைக்கோள் குருடு. ரேடாருக்கோ அசையாத நீர்ப்பரப்பு கரியதாகத் தோன்றும். நீரில் நிற்கும் பயிர்த்தண்டு எதிரொலியை மிகுத்துக் காட்டும். ஒரு குறுவயலின் தனிக் கணக்கை இதனிடம் எதிர்பார்த்தல் கூடாது; ஓர் ஊரின் கணக்கை, நாள் குறிப்புடன், பெற இயலும். மானாவாரிப் பருத்தி இடுவோர்க்கு மண்ணின் ஈரநிலையும் இவ்வாறே கிடைக்கக்கூடும். இது புதுக்கனவும் அன்று. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பியர் பறக்கவிட்ட ரேடார்ச் செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு நம் மாநிலத்து நெற்பரப்பை அளந்து பழகியவர்கள். அந்தப் படங்களும் விலையின்றி வந்தவையே.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. மழைக்காலத்தில் 6 நாளுக்கு ஒருமுறை, வட்டாரம் வட்டாரமாக, எவ்வெவ்வூர் நீரில் நிற்கிறது என்று தமிழில் ஒரு தாள், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் அறிவிப்புப் பலகைக்கு வருதல் வேண்டும். வந்த தாளைச் செயலாளர் நாளிட்டுக் கோப்பில் சேர்த்தல் வேண்டும். இழப்பீடு மறுக்கப்படும் அங்கத்தினர் அதனைக் காட்டி வாதிடலாம். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் வேளாண்மைத் துறையும் பல்கலைக்கழகமும் கூடி அமர்ந்தால் இதற்கு ஒரு பருவம் போதும். யார் எதைக் கொண்டுவருவது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளட்டும். டொராண்டோவில் அப்படித்தான் எழுதினார்கள்.

இஸ்ரோ இக்கருவிக்குக் குறித்திருக்கும் பணிக்காலம் 5 ஆண்டு. 2025 நவம்பரில் அதன் அறிவியற் பணி தொடங்கிற்று. அப்பருவத்துச் சம்பா அறுவடையும் முடிந்துவிட்டது. பேரவைக் கூட்டத்திற்கு வைக்கும் பொருள்களில் இதனையும் ஒன்றாகச் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.