எகிறும் தண்ணீர் பில்... பெங்களூருவில் கடை நடத்துபவர்களுக்கு என்ன சிக்கல்? குறைக்க என்ன வழி?

வீட்டுக்கு வரும் தண்ணீர் பில்லை பலரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஹோட்டல், டீக்கடை, சலூன், லாண்டரி, லாட்ஜ் நடத்துபவர்களுக்கு அப்படி இல்லை. வாடகை, சம்பளம், கேஸ், கரண்ட் என்ற செலவு வரிசையில் தண்ணீரும் இப்போது முன்னால் வந்து நிற்கிறது. தமிழர்கள் ஏராளமானோர் தொழில் செய்யும் பெங்களூருவில் 2025 ஏப்ரலில் குடிநீர் கட்டணம் உயர்த்தப்பட்டது. அதோடு முடியவில்லை. இனி ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் மாதம் 3% தானாகவே ஏறும் என்பதும் அந்த அறிவிப்பில் இருக்கிறது.

எவ்வளவு உயர்ந்தது?

வீட்டு இணைப்புகளுக்கு ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரை ரூபாய் முதல் 10 ரூபாய் வரை உயர்வு. வணிக இணைப்புகளுக்கு 9 ரூபாய் முதல் 19 ரூபாய் வரை.

ஏற்கனவே இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. உயர்வுக்கு முன் வீடுகளுக்கான முதல் ஸ்லாபில் ஆயிரம் லிட்டர் 7 ரூபாய்தான். அதே தண்ணீர் கடைக்குப் போனால் ஆரம்பமே 50 ரூபாய்! மாதம் 75 ஆயிரம் லிட்டரைத் தாண்டினால் 87 ரூபாய். கழிவுநீருக்கான சானிட்டரி கட்டணம் தனி.

ஏன் உயர்த்தினார்கள்?

பெங்களூருவுக்குப் பக்கத்தில் பெரிய ஆறு எதுவும் இல்லை. சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருந்து காவிரி நீரை மூன்று கட்டமாக பம்ப் செய்து, சில நூறு மீட்டர் உயரத்துக்கு மேலே ஏற்றித்தான் கொண்டு வருகிறார்கள். அதனால் தண்ணீர் விலை என்பது பாதிக்கு மேல் கரண்ட் கதைதான். மின் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. ஆனால் தண்ணீர் கட்டணம் 2014-க்குப் பிறகு உயர்த்தப்படவே இல்லை. 2024 அக்டோபரில் தினமும் 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டு வரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டமும் தொடங்கியது. கூடுதல் தண்ணீர் என்றால் கூடுதல் பம்பிங் செலவு. அந்தச் செலவுதான் இப்போது பில்லில் தெரிகிறது.

லாரி தண்ணீர் வாங்கினால் போதாதா?

2024 கோடையில் பெங்களூரு தவித்தது நினைவிருக்கும். அரசு போர்வெல்கள் சுமார் 14 ஆயிரத்தில் 6,900 வறண்டு போனதாக அப்போது சொல்லப்பட்டது. தனியார் லாரிகள் இஷ்டத்துக்கு விலை சொல்ல, மாவட்ட நிர்வாகம் தலையிட்டது. 5 கி.மீ.க்குள் 12 ஆயிரம் லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என உச்சவரம்பு வைத்தது.

அந்தக் கட்டுப்பாட்டு விலையையே எடுத்துக்கொண்டாலும் ஆயிரம் லிட்டர் 83 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதாவது குழாய்த் தண்ணீரின் கடைசி ஸ்லாப் அளவு. தட்டுப்பாடு வந்தால் அந்த விலைக்கும் கிடைக்காது. அப்போ லாரி ஒரு மாற்று வழி கிடையாது. அவசரத்துக்கு மட்டும்தான்.

25% குறைத்தால் 31% மிச்சம்... எப்படி?

இதுதான் பலர் கவனிக்காத விஷயம். ஸ்லாப் முறையில் நீங்கள் மிச்சப்படுத்தும் தண்ணீர், விலை அதிகமான மேல் ஸ்லாபில் இருந்துதான் முதலில் கழியும்.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். மாதம் ஒரு லட்சம் லிட்டர் செலவழிக்கும் ஒரு ஹோட்டல். உயர்வுக்கு முந்தைய விலைப்படி:

முதல் 10 ஆயிரம் லிட்டர் (50 ரூபாய் வீதம்): ரூ.500
அடுத்த 15 ஆயிரம் (57 ரூபாய்): ரூ.855
அடுத்த 25 ஆயிரம் (65 ரூபாய்): ரூ.1,625
அடுத்த 25 ஆயிரம் (76 ரூபாய்): ரூ.1,900
கடைசி 25 ஆயிரம் (87 ரூபாய்): ரூ.2,175

மொத்தம் ரூ.7,055. இதில் 25 ஆயிரம் லிட்டர் குறைத்தால் ரூ.2,175 மிச்சம். தண்ணீரில் கால் பங்கு குறைத்தால் பில்லில் கிட்டத்தட்ட 31% குறைகிறது. உயர்ந்த கட்டணத்தில் மிச்சமாகும் தொகை இன்னும் அதிகம்.

சரி, 25 ஆயிரம் லிட்டரை எங்கே குறைப்பது?

1. கை கழுவும் குழாய்: சாதாரண குழாயில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வந்தால், 15 விநாடி கை கழுவ 3 லிட்டர் போகும். காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்து விடும் 'ஏரேட்டர்' மாட்டி நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்கினால் 1 லிட்டர் போதும். தினமும் 400 பேர் சாப்பிட வந்தால் 800 லிட்டர் மிச்சம். மாதத்துக்கு 24 ஆயிரம் லிட்டர்! வணிக இடங்களில் ஏரேட்டர் கட்டாயம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் 2024 மார்ச்சிலேயே உத்தரவு போட்டது.

2. பாத்திரம் கழுவும் இடம்: குழாயைத் திறந்து விட்டபடி கழுவினால் கணக்கே கிடையாது. மிச்ச உணவை முதலில் வழித்துப் போட்டு, தொட்டியில் ஊற வைத்து, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீரில் அலசலாம். தட்டு மேல் வாழை இலை போட்டுப் பரிமாறினால் தேய்க்கும் வேலையும் குறையும்.

3. ஆர்.ஓ. கழிவு நீர்: ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும் மெஷின்கள் உண்டு. அதை டிரம்மில் பிடித்து தரை துடைக்க, கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம்.

4. கழிப்பறை: பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு முறைக்கு 10 லிட்டர் வரை விழுங்கும். இரண்டு பட்டன் உள்ளதில் 3 அல்லது 6 லிட்டர்தான். லாட்ஜ்களுக்கு இதுதான் பெரிய மிச்சம்.

5. லீக் சோதனை: இரவு கடை பூட்டும்போது எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரை நிறுத்தி, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. செலவே இல்லாத சோதனை இது.

6. வண்டி கழுவ, செடிக்கு: குடிநீரை இதற்குப் பயன்படுத்த 2024 மார்ச்சில் தடை விதித்து, மீறினால் ரூ.5,000 அபராதம் என்றும் அறிவித்தார்கள். சுத்திகரித்த கழிவுநீரை குடிநீர் வாரியமே விற்கிறது. சர்வீஸ் சென்டர்களுக்கு அது உதவும்.

கட்டடத்தில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். விதிப்படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால் மாதாமாதம் பில்லோடு அபராதமும் சேரும்.

வாடகைக் கடைக்காரர்கள் என்ன செய்வது?

உண்மையான சிக்கல் இங்கேதான். ஒரே கட்டடத்தில் ஐந்தாறு கடை, ஒரே மீட்டர். வரும் பில்லை உரிமையாளர் சமமாகப் பிரித்து வாங்கினால், நீங்கள் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அந்தப் பலன் உங்களுக்கு முழுசாக வராது. பக்கத்துக் கடைக்கும் பிரிந்து போகும். துணிக்கடையும் டிபன் கடையும் ஒரே தொகை கட்டுவது நியாயமும் இல்லை. ஒவ்வொரு கடைக்கும் தனியாக சப்-மீட்டர் வைக்கச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதைப் பேசுவது சுலபம்.

ஆண்டுக்கு 3% என்பது சின்னதாகத் தெரியலாம். ஆனால் இன்றைக்கு 7,000 ரூபாய் பில், அதே அளவு தண்ணீருக்கு ஐந்து ஆண்டுகளில் 8,100 ரூபாயைத் தாண்டிவிடும். விலை உங்கள் கையில் இல்லை, அளவு இருக்கிறது. அடுத்த பில் வந்ததும் தொகையை மட்டும் பார்க்காமல், எத்தனை ஆயிரம் லிட்டர், எந்த ஸ்லாபில் நிற்கிறோம் என்று பாருங்கள். அந்த ஸ்லாபில் இருந்து ஒரு படி கீழே இறங்க எத்தனை லிட்டர் குறைய வேண்டும்? அதுதான் உங்கள் கடைக்கான இலக்கு.