மீசை மறைத்த வயது!

சிறுவர்க்கென்று பந்தயம் வைக்கிறார்கள். சிறுவரோடு சிறுவராக ஒரு பெரியவர் வந்து நிற்கிறார். மழித்த முகம், குறைத்த வயது, மடித்த சான்றிதழ்! ஓடுகிறார், வெல்கிறார், கோப்பையைத் தூக்குகிறார். கூட்டம் கைதட்டுகிறது. பின்னாலே மூச்சிரைக்க வந்து நின்ற பிள்ளை, தான் ஏன் தோற்றோம் என்று தெரியாமலே வீடு திரும்புகிறான். முன்னதைக் கண்டு சிரிப்போர் உண்டு. பின்னதை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? அந்தப் பின்னால் வந்த பிள்ளைக்காகத்தான் இன்று எழுதுகிறோம்.

கதையல்ல, நடந்தது. ஆண்டு 1985. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், பாலோ ஆல்டோ உயர்நிலைப் பள்ளிக்கு ஒருவர் வந்தார். பெயர் ஜே மிட்செல் ஹன்ட்ஸ்மன் என்றார். வயது 16 என்றார். தாய் தந்தையற்றவன் என்றார். இரக்கப்பட்டார்கள், இடம் கொடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் பள்ளி மாணவர்க்கான கிராஸ் கன்ட்ரி ஓட்டம் நடந்தது. வட்டத் தடத்தில் அல்லாமல் மேட்டிலும் பள்ளத்திலும் மண்ணிலும் புல்லிலும் ஓடும் நெடுந்தொலைவு ஓட்டம் அது. அனைவரையும் முந்தி ஓடி முடித்தார் அந்த 'மாணவர்'. முடித்தவர், பெயர் பதியும் இடத்துக்குப் போகாமல் நழுவினார். வென்றவன் ஏன் ஒளிகிறான் என்று செய்தியாளர் ஒருவர் துருவினார். வெளுத்தது சாயம்! அந்தப் பெயர், பிறந்த சில நாட்களிலேயே மாண்டுபோன ஒரு குழந்தையின் பெயர். ஓடியவர் ஜேம்ஸ் ஹோக். கல்லூரியிலே ஓடிப் பழகி, 25 வயதை எட்டிவிட்டவர்!

அதோடு நின்றாரா? இன்னொரு பெயர், இன்னொரு கதை புனைந்தார். புகழ்மிக்க பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலே இடமும் பெற்றார்; உதவித்தொகையும் பெற்றார். 1991-இல் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த தடகளப் போட்டியொன்றில், பழைய பாலோ ஆல்டோ பள்ளியிலே படித்த ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார், அகப்பட்டார். பந்தயத்திலே தொடங்கிய பொய் பல்கலைக்கழகத்தின் இருக்கை வரை போயிற்று. கோப்பையைத் திருடுகிற கை, கோப்பையோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"அமெரிக்காவில் நடந்ததற்கு இங்கே ஏன் அங்கலாய்ப்பு?" என்று கேட்பர் சிலர். சொல்கிறோம். வயது மோசடிக்கு எதிரான தேசிய விதித்தொகுப்பு ஒன்றை ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் 2010-ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. 2025-இல் அதைக் கடுமையாக்கத் திருத்த வரைவும் வெளியிட்டது. நோயில்லாத ஊரில் மருந்துக் கடை எதற்கு? பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று கோடு கிழித்திருக்கிறார்கள். கோடு இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிப்போரும் இருக்கிறார்கள்.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஒரு தனி மனிதர் ஊரை ஏமாற்றினார், பள்ளி ஏமாந்தது. இங்கே வயது குறைந்த சான்றிதழ் தானாக நடந்து களத்துக்கு வந்துவிடுமா? எழுதுகிற கை ஒன்று, முத்திரை குத்துகிற கை ஒன்று, "நம் அணி வெல்லட்டும்" என்று கண்ணை மூடிக்கொள்கிற பயிற்சியாளர் ஒருவர், "பிள்ளைக்கு வேலை கிடைக்குமே" என்று தலையாட்டுகிற பெற்றோர் – இத்தனை பேர் கூடித்தான் இழுக்க வேண்டும் இந்தத் தேரை! ஆனால் அகப்படும்போது யார் தலை உருளுகிறது? ஓடியவன் தலை மட்டும்! ஓடவிட்டவர்கள் அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அடுத்த ஆளைத் தேடுகிறார்கள்.

இழப்பு யாருக்கு? கொல்லிமலைக்கு வாருங்கள், காட்டுகிறோம். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டிய மலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவனுக்கு ஆடி மாதத்திலே அரசு விழா எடுக்கும் மலை. சாமையும் தினையும் மிளகும் பலாவும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பள்ளிக்குப் போவதே மேடேறி இறங்கும் பயிற்சியாக வாய்த்த கால்கள் அவை. பயிற்சியாளருக்குப் பணம் கொடுக்க அவர்களிடம் வசதியில்லை, விலையுயர்ந்த காலணி இல்லை, பரிந்துரைக்க ஆளில்லை. ஓட்டம் ஒன்றுதான் அவர்கள் கைமுதல்.

அப்படி ஒரு பிள்ளை மலையிறங்கி வந்து ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏற வேண்டும். கிராஸ் கன்ட்ரி ஓட்டத்திலே அணிக்கணக்கு என்று ஒன்று உண்டு. யார் எத்தனையாவதாக வந்தார்கள் என்ற எண்களைக் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகை பெற்ற அணி வென்றதாக அறிவிப்பார்கள். முன்னாலே ஒரு போலி புகுந்தால் போதும், பின்னால் வருகிற ஒவ்வொருவனும் ஒரு படி கீழே தள்ளப்படுகிறான்! தேர்வுப் பட்டியலில் கடைசி இடத்துக்கு உரியவன் பட்டியலுக்கு வெளியே விழுகிறான். விழுந்தவனுக்கு, தள்ளியவன் யார் என்றே தெரியாது. விளையாட்டுச் சான்றிதழுக்குக் கல்லூரியிலே இடம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணிகளிலே விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. அந்தக் கதவு, அந்தப் பிள்ளைக்கு அன்றே, அந்த மண்ணிலேயே மூடப்படுகிறது. இடஒதுக்கீட்டுக்காக வாதாடிய இயக்கம், இடம் திருடப்படுவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்குமா?

"எலும்பைப் படம் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமே!" என்கிறார்கள் அறிவியல் பேசுவோர். அறிவியலை வரவேற்பவர்களே நாம். ஆனால் அதன் எல்லையையும் அறிந்தே வரவேற்க வேண்டும். இடது கையின் மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து, 13 எலும்புகளின் முதிர்ச்சியைக் கணக்கிடும் டி.டபிள்யூ.3 என்ற முறை உண்டு. கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இதைக் கையாண்டு வருகிறது. ஆனால் ஆண்பிள்ளைக்குப் பதினாறரை, பெண்பிள்ளைக்குப் பதினைந்து என்ற அளவோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் எலும்பு "முதிர்ந்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லும். 18-ஆ, 26-ஆ என்று சொல்லாது. பசியிலே வளர்ந்த பிள்ளையின் எலும்பு முதிர்வதற்குத் தாமதமாகும். வளமாக உண்டு வளர்ந்தவனின் எலும்பு முந்திக்கொள்ளும். எனவே எலும்புப் படம் ஒரு சாட்சி. அதுவே நீதிபதி ஆகிவிடக் கூடாது.

நம் ஊரிலே பழைய எக்ஸ்-ரே ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளையை, வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயது 5 நிறைந்தது! பிறந்த நாள்? ஆசிரியர் வாயிலே வந்த நாள்! ஏட்டறிவு எட்டாத குடிசைகளின் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வயது எழுதப்பட்டது. இது தவறு, மோசடியன்று. பதிவு செய்யாமல் விட்ட ஆட்சிமுறையின் குறை. திட்டமிட்டு வயதைக் குறைப்பதோ குற்றம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் என்ன ஆகும்? போலிச் சான்றிதழ்க்காரன் பளபளக்கும் தாளோடு உள்ளே போவான். உண்மையான வயதுடைய மலைப்பிள்ளை தாளில்லாமல் வாயிலிலே நிற்பான்!

கெடுபிடி மட்டும் காவலாகாது என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. நீட் தேர்வெழுதப் போன பெண்களின் தோட்டைக் கழற்றினார்கள். முழுக்கைச் சட்டையோடு வந்தால் தடுத்தார்கள். அவ்வளவு சோதனைக்கும் நடுவிலே ஒருவருக்காக இன்னொருவர் தேர்வெழுதிய ஆள்மாறாட்டம் 2019-இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலே வெளிப்பட்டது! ஏழையின் காதைச் சோதித்தவர்கள், ஏமாற்றியவன் முகத்தைப் பார்க்கத் தவறினார்கள். விளையாட்டுக் களத்திலும் அதே கூத்து நடக்க விடலாமா?

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது: ஓடவிட்டவரைப் பிடியுங்கள். 2001-ஆம் ஆண்டு, அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் போட்டியில் பந்து வீசிப் புகழ்பெற்ற டானி அல்மான்டே, 12 வயதல்ல, 14 வயதினன் என்று தெரிந்தது. அணியின் வெற்றிகளை நீக்கினார்கள். தந்தைக்கும் அணியை நடத்தியவருக்கும் வாழ்நாள் தடை விதித்தார்கள். சான்றளித்த பெரியவர்கள் பொறுப்பேற்றார்கள். இங்கேயும் பயிற்சியாளரும் சான்றளித்த அதிகாரியும் பதில் சொல்லும் நிலை வேண்டும். 2025 வரைவு அவர்கள் மீதும் நடவடிக்கை பற்றிப் பேசுகிறது. பேச்சு ஏட்டிலே உறங்கக் கூடாது.

இரண்டாவது: அறியாமல் இழுத்துவரப்பட்ட பிள்ளை உண்மையைச் சொன்னால் மன்னியுங்கள். கிரிக்கெட் வாரியம் 2020-இல் அப்படி ஒரு வாய்ப்பைத் தந்தது: தானே வந்து சொன்னால் தடையில்லை, மறைத்து அகப்பட்டால் 2 ஆண்டு தடை.

மூன்றாவது: பிறப்புப் பதிவை மலைக்குக் கொண்டுபோங்கள். 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அதன்பின் பிறப்போருக்கு வயதின் ஆதாரம் பிறப்புச் சான்றிதழே. 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஓராண்டு கடந்தாலோ நடுவரின் ஆணை வேண்டும். மலையிறங்கி, அலுவலகம் தேடி, நாட்கூலியை இழந்து அலைய வேண்டியவர் யார்? அந்தத் தாய் படியிறங்க வேண்டாம், அரசு படியேறட்டும்!

நான்காவது: போலி அகப்பட்டால், பதக்கத்தைப் பறித்துப் பெட்டியிலே பூட்டாதீர்கள். அடுத்து வந்த பிள்ளையைத் தேடிப் போங்கள். அவன் பள்ளியிலே, அவன் ஊரார் முன்னிலையிலே அதை அணிவியுங்கள். அவன் இழந்த தேர்வு வாய்ப்பையும் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு மெடல், ஒரு தாள், ஒரு சிறு ஓட்டம் – இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். ஆயிரம் வாய்ப்பு உள்ளவனுக்கு அது ஓட்டம். ஒரே வாய்ப்பு உள்ளவனுக்கு அதுதான் வாழ்வு. கொல்லிமலைப் பிள்ளை யாரிடமும் சலுகை கேட்கவில்லை. தன்னோடு தன் வயதுக்காரன் ஓடட்டும் என்கிறான். அதைக்கூடத் தர முடியாத களத்துக்குக் கொடி எதற்கு, கோப்பை எதற்கு?