வெள்ளி என்ற சொல்லுக்கு நாம் தரும் விலை

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில், பிள்ளை பிறந்த ஆண்டின் நாணயத் தொகுப்பை வாங்கிப் பேழையில் வைக்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான். அந்நாட்டு நாணயச்சாலை ஆண்டுதோறும் வெள்ளி, கிளாட் என இருவகைப் புரூஃப் தொகுப்புகளை வெளியிடுகிறது. எதை வாங்குவது என்று கேட்டால், பெரியவர்கள் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் தருகிறார்கள்: "வெள்ளியை வாங்குங்கள், கிளாட் வெறும் தகரம். வெள்ளி என்றால் சேமிப்பும் ஆயிற்று." இந்த விடையை நாம் மறுக்கிறோம். இது தவறான கணக்கு. அத்தவற்றின் சுமை பிள்ளைகளின் பெயரால் ஒதுக்கப்படும் பணத்தின் மீதே விழுகிறது.

முதலில், கிளாட் தகரமன்று. 1965ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் பத்து சென்ட், கால் டாலர் நாணயங்களிலிருந்து வெள்ளியை அடியோடு நீக்கியது. அரை டாலரில் அது 40 சதவீதமாகக் குறைந்து, 1971 முதல் அதுவும் மறைந்தது. அன்றுதொட்டு இந்நாணயங்களின் நடுவில் தூய செம்பும், இருபுறமும் செம்பு 75, நிக்கல் 25 சேர்ந்த கலவைத் தகடும் உள்ளன. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் செந்நிறக் கோடு தெரியும். அறுபது ஆண்டுகளாக அந்நாட்டு மக்கள் ரொட்டி வாங்கியதும் பேருந்தில் ஏறியதும் இந்த நாணயத்தைக் கொண்டே. ஓராண்டின் நாணயத்தை நினைவாக வைக்க விரும்புபவருக்கு அந்த ஆண்டில் மெய்யாகவே புழங்கிய நாணயத்தின் சிறந்த வடிவம் கிளாட் புரூஃப்தான். கால் டாலராகப் புழங்கிய வெள்ளி 1964ஆம் ஆண்டு நாணயத்தோடு முடிந்துவிட்டது. 1992 முதல் வரும் வெள்ளித் தொகுப்பு சேகரிப்பவருக்கென்றே அடிக்கப்படுவது. எவருடைய சட்டைப்பையிலும் அது இருந்ததில்லை.

அழகில் வேறுபாடு உண்டா? மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய வில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட அடி, கண்ணாடி போன்ற தளத்தின் மேல் பனி படர்ந்தாற்போன்ற உருவம்: புரூஃப் என்பது இந்த வேலைப்பாட்டின் பெயர், உலோகத்தின் பெயரன்று. இரண்டிலும் வேலைப்பாடு ஒன்றே. வெள்ளியின் வெண்மை சற்றுக் கூடுதலாகக் கண்ணைக் கவரும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதே வெள்ளியில்தான் சில ஆண்டுகளில் பால் தெளித்தாற்போன்ற வெண்புள்ளிகளும் தோன்றுகின்றன.

'வெள்ளித் தொகுப்பு' என்ற பெயரையும் சற்று ஆராய வேண்டும். அண்மைய ஆண்டுகளின் வழக்கமான பத்து நாணயத் தொகுப்பில் ஐந்து கால் டாலர், ஓர் அரை டாலர், ஒரு பத்து சென்ட் ஆகிய ஏழு மட்டுமே வெள்ளி. ஒரு டாலரிலும் ஐந்து சென்டிலும் ஒரு சென்டிலும் வெள்ளியின் வாடையே கிடையாது. 2018 வரை அந்த ஏழும் 90 சதவீத வெள்ளி. 2019 முதல் 99.9 சதவீதம். மொத்த வெள்ளி ஏறத்தாழ 47 கிராம், அதாவது ஒன்றரை அவுன்ஸ்.

சேமிப்பு என்பவர்களுக்கு 1999ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். மாநிலங்களின் பெயரால் கால் டாலர்கள் தொடங்கிய ஆண்டு அது. கிளாட் தொகுப்பு 19.95 டாலர், வெள்ளித் தொகுப்பு 31.95 டாலர். வெள்ளியின் விலை அவுன்சுக்கு 5 டாலரை ஒட்டியிருந்தது. தொகுப்பில் இருந்த வெள்ளி 1.34 அவுன்ஸ், மதிப்பு ஏறத்தாழ 7 டாலர். அந்த ஏழுக்காக 12 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதன்பின் வெள்ளி பன்மடங்கு ஏறியது உண்மைதான். ஆனால் அதே 31.95 டாலருக்கு அன்று வெறும் வெள்ளிக்கட்டி வாங்கியவரிடம் இன்று ஐந்து அவுன்சாவது இருக்கும். தொகுப்பு வாங்கியவரிடம் இருப்பதோ ஒன்றேகால் அவுன்சும் சொச்சமும். எது சேமிப்பு?

நமக்குத் தெரிந்த ஒரு தந்தை, மகள் பிறந்தது முதல் ஆண்டுதோறும் வெள்ளித் தொகுப்பு வாங்கி வந்தார். "என் மகளின் கல்யாணத்துக்கு" என்பார். தேவை வந்தபோது வணிகரிடம் கொண்டு போனார். வணிகர் பெட்டிகளின் அழகைப் பார்க்கவில்லை. ஒரு தாளில் கிராம் கணக்கை எழுதினார், அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினார், தம் இலாபத்தைக் கழித்தார். பெட்டிக்கும் சான்றுச் சீட்டுக்கும் மெருகுக்கும் பதினெட்டு ஆண்டுகளாக அவர் கொடுத்த பணம் அந்தத் தாளில் எங்கும் இல்லை. வணிகர் ஏமாற்றவில்லை. எடைக்கு வாங்குபவர் எடைக்கே விலை தருவார்.

இன்னொன்றும் உண்டு, நம் வீடுகளில் இதை யாரும் பேசுவதில்லை. வெள்ளி நாணயம் பொழுதுபோக்குக்காக வாங்கப்பட்டாலும் அது வெள்ளியே. நிஸாப் அளவான இருநூறு திர்ஹத்தை 595 கிராம் என்போரும் 612 கிராம் என்போரும் உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும், இன்றைய தொகுப்புகள் பதின்மூன்று, பதினான்கு சேர்ந்தாலே, கையில் வேறு வெள்ளி இல்லாதவர்கூட அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். அந்தத் தந்தையிடம் இருந்தவை பதினெட்டு. பழைய தொகுப்புகளில் வெள்ளி சற்றுக் குறைவு என்றாலும் எல்லையை அவர் கடந்திருந்தார். எந்த ரமளானிலும் அவற்றை ஜகாத் கணக்கில் அவர் சேர்த்ததில்லை. அது சேகரிப்புத்தானே என்று எண்ணிவிட்டார். வெள்ளித் தொகுப்புகளை அடுக்கி வைத்திருப்போர் இன்றே எடையைக் கூட்டிப் பார்த்து, தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். விற்கும் எண்ணமின்றி வைத்திருக்கும் கிளாட் நாணயத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை.

அப்படியானால் வெள்ளித் தொகுப்பை யார் வாங்கலாம்? அந்த வெண்மையை விரும்பி, அதற்கான கூடுதல் விலை திரும்பி வராது என்றறிந்து, ஜகாத்தையும் கணக்கில் வைப்பவர் தாராளமாக வாங்கட்டும். அவரோடு நமக்கு வழக்கில்லை. சேமிக்க விரும்புபவர் வெள்ளியை எடைக்கு வாங்கட்டும். பிள்ளைக்கு வரலாறு காட்ட விரும்புபவருக்குக் கிளாட் போதும்.

கிளாட் விலை ஏறும் என்றும் நாம் ஆசை காட்டமாட்டோம். 1987ஆம் ஆண்டுத் தொகுப்பின் முகமதிப்பு 91 சென்ட், வெளியீட்டு விலை 11 டாலர். இன்று அது அந்த 11 டாலருக்கும் குறைவாகவே கைமாறுகிறது, ஏனெனில் இலட்சக்கணக்கில் அடித்தார்கள். வாங்குபவருக்கு அதுவே நற்செய்தி. இவ்வாண்டின் ஒரே ஒரு வெள்ளித் தொகுப்புக்குக் கொடுக்கும் பணத்தில் எண்பதுகளின் தொகுப்புகள் பலவற்றை வாங்கி, வாப்பா பிறந்த ஆண்டு, உம்மா பிறந்த ஆண்டு, மாமா அந்நாட்டில் கால்வைத்த ஆண்டு என்று மேசையில் வரிசையாக அடுக்கிப் பிள்ளைகளிடம் காட்டலாம். நாணயச்சாலையின் உறையிலிருந்து மட்டும் அவற்றைப் பிரிக்க வேண்டாம். மலிவான பிவிசி உறைகளில் மாற்றி வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுக்கு படரும்.