கறுப்புக்குக் கறுப்பே வேண்டும்

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

எங்கள் வீட்டில் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். 2023இல் பாட்டி காலமானபோது, அப்பா அதைப் பெரிதாக்கி மாட்ட விரும்பினார். கரும்பு வெட்டிய கூலியில் ஒதுக்கி, வேப்பூருக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வந்தார். இன்று சுவரில் தாத்தாவின் முகம் பச்சை பூத்துக் கிடக்கிறது. அசல் படமோ அப்படியே இருக்கிறது!

நண்பர்களே, காரணம் என்னவென்று அறிய அந்தப் பெரிய படத்தைக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம் என்று நான் எண்ணிய இடமெல்லாம் நீலம், ரோஜா, மஞ்சள் புள்ளிகள். மூன்றும் கலந்து நம் கண்ணை ஏமாற்றியிருக்கின்றன. அவை தண்ணீரில் கரையும் சாயங்கள். வெயிலில் மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. எங்கள் சன்னல் வெளிச்சத்தில் ரோஜா முதலில் போயிற்று, பச்சை மிஞ்சிற்று.

பழைய படத்தில் இருப்பது வெள்ளித் துகள். அந்த வழி இன்று நமக்கு எளிதில்லை. கறுப்பு வெள்ளை பிலிமும் தாளும் செய்த, 1960இல் நிறுவப்பட்ட உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. ஆனால் கரி இருக்கிறதே! ஓலைச்சுவடியில் கீறிய எழுத்துக்கு விளக்குக்கரியைத் தானே நம் முன்னோர் எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள்? கரி வெயிலுக்கு மசியாது. பிரிண்டருக்கும் கரி நிறமி மை உண்டு.

கறுப்பு மை ஒன்றை மட்டும் ஊற்றினால் போதுமா? போதாது. வெளிறிய கன்னத்தைக் காட்ட பிரிண்டர் கறுப்புப் புள்ளிகளை விலக்கி விலக்கி வைக்கும்; முகம் அம்மைத் தழும்பு போலாகிவிடும். ஆகவே வண்ண மை இருக்கும் டேங்குகளில், அதே கறுப்பை நீர்க்கச் செய்து அடர் சாம்பல், இளஞ்சாம்பல் என்று நிரப்ப வேண்டும். அமெரிக்க அச்சுக்கலைஞர் ஜான் கோன் இப்படி ஏழு சாயல்கள் வரை வைத்திருக்கிறார். எந்த டேங்கில் எந்தச் சாம்பல் என்று பிரிண்டருக்குச் சொல்ல ராய் ஹாரிங்டன் எழுதிய மென்பொருளும் உண்டு.

நீர்க்கச் செய்வது என்றதும் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்! காய்ச்சி வடித்த நீர், கிளிசரின், பரவச் செய்யும் பொருள் ஆகியவை அளவாகச் சேர்ந்த நிறமற்ற கலவை வேண்டும். இல்லாவிட்டால் கரி அடியில் தங்கிவிடும், மைத்துளை காய்ந்து அடைபடும். வரைபட வகுப்பின் இந்தியன் இங்கும் கரிதான். ஆனால் அதில் அரக்கு இருக்கலாம். ஊற்றினால் பிரிண்டர் அதோடு போயிற்று. தாளும் மினுமினுப்பில்லாத மேட் தாளாயிருப்பது நல்லது. மெல்லப் பரவிய கரி சற்றுப் பழுப்பாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட நீல நிறமி சிறிது சேர்ப்பவர்கள் உண்டு. நானாயிருந்தால் சேர்க்க மாட்டேன். தாத்தா படத்துக்குப் பழுப்பு அழகு. மேலும் அந்த நீலம் நாளை வெளுத்தால் மறுபடி பழைய கதைதான்.

இதையெல்லாம் ஸ்டுடியோக்காரரிடம் சொன்னேன். "யார் தம்பி கேக்குறாங்க? கல்யாண ஆல்பம் எல்லாம் கலர்தானே" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு படத்துக்காகத் தனி பிரிண்டர் வைக்க அவரால் ஆகாது. ஆனால் விருத்தாசலம் வட்டாரத்துக்கே ஒன்று போதுமே! பழைய ஆறு டேங்கு பிரிண்டரைச் சுத்தம் செய்து கரி மைக்கென்று ஒதுக்கலாம். அதுவரை, "இது சாய மை, வெயில் படாமல் மாட்டுங்கள்" என்றாவது வாங்குவோரிடம் சொல்ல வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. நூறு படம் உள்ள வீட்டுக்கு ஒன்று வெளுத்தால் நட்டமில்லை. எங்களைப் போன்ற வீடுகளில் இருப்பதே ஒன்று.

அசல் படம் இப்போது அம்மாவின் டிரங்குப் பெட்டியில், என் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் இருக்கிறது. கரி மையில் போடுகிறவர் கிடைக்கும்வரை அதை வெளியே எடுப்பதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.