ஏமாந்தவர் மீதா பழி?

இணைய மோசடியில் ஒருவர் பணத்தை இழந்தால், ‘பேராசை பெருநஷ்டம்’ என்று கூறும் வழக்கம் சமூகத்தில் உள்ளது. இக்கூற்று இன்றைய நிலைக்குப் பொருந்தாது.

1978ஆம் ஆண்டு, அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். அது தொல்லை, ஏமாற்று அன்று. பின்னர், கலந்துகொள்ளாத போட்டியில் பரிசு விழுந்ததாகக் குறுஞ்செய்திகள் வந்தன. அவற்றை அனுப்பியவர் அந்நியர் என்பதால் கவனமுள்ளோர் தப்பினர்.

அதன்பின் மோசடி உறவையும் நட்பையும் பயன்படுத்தத் தொடங்கியது. பினாங்கில் இயங்கிய ஜே.ஜே.பி.டி.ஆர். திட்டம், நாணய வணிகத்தின்வழி மாதம் 20 விழுக்காடு ஆதாயம் தருவதாகக் கூறியது. தெரிந்தவர் சொல்லை நம்பிப் பலர் அதில் சேர்ந்தனர். 2017இல் அத்திட்டம் சரிந்தது.

இன்றோ, மோசடிக்காரர்கள் ஆசையை மட்டுமன்றி அச்சத்தையும் தூண்டுகின்றனர். காவல்துறை, நீதிமன்றம், வங்கி ஆகியவற்றின் பெயரில் அழைப்புகள் வருகின்றன. செயற்கை நுண்ணறிவால் தலைவர்களின் முகமும் குரலும் போலி விளம்பரங்களில் பயன்படுத்தப்படுகின்றன. ‘உங்கள் பெயரில் வழக்கு உள்ளது’ என்றதும் பதறிப் பணம் அனுப்பும் முதியவரிடம் பேராசை எங்கே இருக்கிறது?

எச்சரிக்கை ஒவ்வொருவரின் கடமை என்பது உண்மையே. அரசும் வாளாவிருக்கவில்லை. இணைப்புகள் கொண்ட குறுஞ்செய்திகளைத் தடுக்குமாறு 2023இல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பணிக்கப்பட்டன. ஆயினும், ஒரு வழி அடைபட்டால் மோசடிக்காரர் புலனம், முகநூல் என வேறு வழி தேடுகின்றனர்.

பழிச்சொல்லுக்கு அஞ்சியவர் நடந்ததை மறைப்பார். அதற்குள் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும். உடனே 997 எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழைத்தால், பணத்தை முடக்க வாய்ப்புண்டு. 2022 அக்டோபர் முதல் இம்மையம் செயல்படுகிறது. ஆகவே, ஏளனம் செய்வோர் தம்மை அறியாமலே மோசடிக்காரருக்கு நேரம் சேர்த்துத் தருகின்றனர்.

மாக் மண்டின் போன்ற குடியிருப்புகளில், தாத்தா பாட்டியர் திறன்பேசியில் ஐயம் எழுந்தால் வீட்டிலுள்ள மாணவர்களையே முதலில் நாடுகின்றனர். ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்டால், அடுத்த முறை அவர்கள் கேட்கவே மாட்டார்கள். பொறுமையாகப் பதில் சொல்லும் பேரப்பிள்ளையே அவ்வீட்டின் முதல் காவல்.