புது வேனா, பழைய வேனா?

காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் சொந்தமாகச் சரக்கு வேன் வாங்க விரும்புகிறார்கள். விலை விசாரிக்கும் முன், ஆண்டில் எத்தனை நாள் ஏற்றுவதற்குச் சரக்கு இருக்கும் என்று கணக்கிட வேண்டும். தக்காளியும் கத்தரியும் காய்ப்பது சில மாதங்களே. வங்கித் தவணையோ 12 மாதமும் வரும். மழை பொய்த்தாலும், சந்தை விலை சரிந்தாலும் நிற்காது.

வாரம் இரண்டு நடைதான் என்றால் வாடகை வண்டியே போதும். அடிக்கடி நடை உள்ள இரண்டு ஏக்கர் விவசாயிக்குக் கைப்பணத்தில் அடங்கும் பழைய வேனே ஏற்றது என்பது என் கருத்து. அக்கம்பக்கத்தார் விளைச்சலும் ஆண்டு முழுதும் உறுதியாகக் கிடைத்தால் மட்டுமே புது வண்டி கட்டுப்படியாகும். எதற்காகவும் நிலத்தை அடகு வைக்கக் கூடாது.

பழைய வேனைத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி, பழுதுபார்க்கவும் பணம் ஒதுக்கி வாங்கவும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் எஃப்.சி.யை, அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும், செலவு கூடும். எனவே, எட்டு ஆண்டுக்கு உட்பட்ட வண்டியே நல்லது. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், அது நீங்கிய பிறகே முழுத் தொகை தரவும். ஆர்.சி.யைத் தம் பெயருக்கு மாற்றுவதோடு, இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.