தோட்டம் போனது, காகிதமாவது இருக்கிறதா?

ஜாசினில் ஒரு கல்யாண விருந்து. சாப்பிட்டு எழுந்தபோது பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பத்திரிகையில எழுதுறவருதானே? நாங்க பொறந்த தோட்டமே இப்ப இல்ல. என் தங்கச்சிக்கு இன்னும் சிவப்பு ஐசி. சுதந்திரத்துக்கு ரெண்டு வருசம் கழிச்சு லயத்துலதான் பொறந்தா. அதுக்கு எழுத்துல என்ன இருக்குன்னு கேட்கிறாங்க. நான் யாருகிட்ட போவேன்?"

அவர் கேட்டது சின்ன விஷயமல்ல. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்பு வரை இந்நாட்டில் பிறந்தவர்களுக்குப் பிறந்த மண்ணே குடியுரிமை தந்தது. ஆனால் பிறந்ததைக் காகிதம்தான் சொல்ல வேண்டும். கிராணியார் வைத்திருந்த செக்ரோலும் தோட்ட ஆஸ்பத்திரிப் புத்தகமும் கம்பெனியின் சொத்து. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியானபோது அவற்றைத் தேடி எடுத்து வைத்தவர் எத்தனை பேர்? நமக்கு மிஞ்சுவது அரசாங்க ஆவணங்கள்தான்.

மலாக்காவுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபோது, மலாக்கா தொடுவாய்க் குடியேற்றங்களில் ஒன்று. 1826 முதல் 1946 வரை அப்படித்தான். அதனால் அக்காலக் கடிதங்களும் அறிக்கைகளும் சிங்கப்பூரிலும், லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. மலாயா உட்பட முன்னாள் காலனிகளிலிருந்து எடுத்துச் சென்ற கோப்புகளை மறைத்து வைத்திருந்ததை பிரிட்டன் 2011இல்தான் ஒப்புக்கொண்டது. நம் தாத்தா பாட்டி காலத்தைப் படிக்க நாம் விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றி அரசாங்க ஆவணத்தை அழிக்கக் கூடாது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் நூல்களில் ஐந்து பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் அது கோலாலம்பூரில் இருக்கிறது. மஸ்ஜிட் தானாவில் இருப்பவர் ஒருநாள் சம்பளத்தை விட்டுத்தான் அங்கே போக முடியும்.

இது பழங்கதை மட்டுமல்ல. நிலத்தை அரசு கட்டாயமாக எடுத்தால் அது அரசிதழில் வர வேண்டும். வட்டார வளர்ச்சித் திட்டம் வரைந்தால், மக்கள் பார்த்து ஆட்சேபம் சொல்ல வைக்க வேண்டும். தோட்டத்துக் கோயிலும் இடுகாடும் அந்த வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கின்றன என்பது, கெடு முடிவதற்குள் நமக்குத் தெரிய வேண்டாமா? "எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்பார்கள் இளைஞர்கள். இருக்கிறது, நாடாளுமன்ற விவாதங்கள் 1959 முதல் கிடைக்கின்றன. ஆனால் ஓர் இலாகா தன் அகப்பக்கத்தை மாற்றினால் பழைய இணைப்புகள் செத்துப் போகும். அலமாரியில் இருக்கும் அறிக்கை அப்படிக் காணாமல் போவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் எளிமையானது. ஜாசின், அலோர் காஜா பக்கத்து நூலகங்களிலும் மாநில அரசிதழ், ஆண்டறிக்கை, வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றுக்கு ஓர் அலமாரி வேண்டும். சிலாங்கூரும் பினாங்கும் தகவல் அறியும் சட்டத்தை மாநில அளவில் இயற்றியிருக்கின்றன. நாமும் கேட்கலாம். சனிக்கிழமை பிள்ளைகளைக் கதைப் புத்தகத்துக்கு அழைத்துப் போகும்போது, முகப்பில் இருப்பவரிடம் "அரசிதழ் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க ஆளில்லாத புத்தகம்தான் முதலில் கழிக்கப்படும்.

பெரியவரிடம், தங்கை படித்த தமிழ்ப்பள்ளி எங்கே என்று கேட்டேன். அது பட்டணத்துக்கு இடம் மாறி, அதே பெயரில் நடக்கிறதாம். "அப்படியானால் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், ஐயா" என்றேன். அது மட்டுமே போதாமல் போகலாம். ஆனாலும் பிறந்த தேதியும் தோட்டத்தின் பெயரும் அதில் இருக்கக்கூடும். இடம் மாறிய நாளில் யாரோ ஓர் ஆசிரியர் அதைக் குப்பையில் போடாமல் லாரியில் ஏற்றியிருந்தால்.